படகுக் கணக்கு

(மயிலாப்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மெட்ரோ வேலை நடக்கும் லஸ் முனையைத் தாண்டி இந்த மண்டபத்துக்கு வந்து சேர்வதே இப்போதெல்லாம் ஒரு படையெடுப்பு. வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் ஒரு மெடல் தரலாம். மெடலைப் பற்றிக் கடைசியில் மறுபடி பேசுவேன், நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ராணுவத்தில் இருந்தவன் இல்லை. முப்பது வருஷம் கணக்குத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன். முதல் உலகப் போரில், பாலைவனத்தில் ஓர் ஆற்றை ஒட்டி நடந்த போரைப் பற்றியும் அதில் தளபதிகள் எடுத்த முடிவுகளைப் பற்றியும் பேச இவனுக்கு என்ன தகுதி என்று யாராவது நினைத்தால் நியாயம்தான். ஆனால் அந்தப் போரை வாசிக்க வாசிக்க எனக்குப் பழகிய ஒரு காட்சிதான் கண்ணில் பட்டது: கையிருப்பைப் பார்க்காமலேயே மேலிடம் போடும் கையெழுத்து.

கதை சென்னையிலிருந்தே தொடங்குகிறது. நம் வீடுகளில் 'அவன் சரியான எம்டன்' என்று சொல்வோமே, அந்தச் சொல் வந்த இரவு 1914 செப்டம்பர் 22. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இருட்டில் வந்து துறைமுகத்தின் மேல் குண்டு வீசியது. எண்ணெய்த் தொட்டிகள் தீப்பிடித்து எரிந்தன. மறுநாளிலிருந்து ஊரே மூட்டை கட்டியது. உயர்நீதிமன்றச் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு இன்றும் இருக்கிறது. எரிந்த தொட்டிகள் பர்மா ஆயில் கம்பெனிக்குச் சொந்தமானவை. அதே பர்மா ஆயில்தான் 1909-இல் ஆங்கிலோ-பெர்சியன் ஆயில் கம்பெனியைத் தொடங்கிய தாய்க் கம்பெனி. பாரசீகத்தில் கிணறு, அபாதான் தீவில் சுத்திகரிப்பு ஆலை. பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம் என்பதால், பிரிட்டிஷ் அரசே 1914-இல் சுமார் 22 லட்சம் பவுன் கொடுத்து அந்தக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. இந்தத் தொகையையும் நினைவில் வையுங்கள்.

அந்த எண்ணெயைக் காக்கவும் வளைகுடாவில் பிரிட்டனின் செல்வாக்கைக் காக்கவும் இந்தியாவிலிருந்து ஒரு படை கிளம்பியது. 1914 நவம்பர் 6 அன்று ஃபாவ் என்ற இடத்தில் கரை இறங்கியது. மூன்றாம் நாள் கோகோஸ் தீவருகே எம்டனின் கதை முடிந்தது. நவம்பர் 22-இல் பாஸ்ரா கைக்கு வந்தது. துருக்கியருக்கு எதிரான அந்தப் போர்முனைக்கு மெசபடோமியா என்று பெயர். இன்றைய இராக். போர் முடிவதற்குள் இந்தியாவிலிருந்து அங்கே போன சிப்பாய்களும் கூலியாட்களும் 5 லட்சத்துக்கு மேல்.

இப்போது அந்த ஆற்றைப் பார்ப்போம். டைகிரிஸ். பாஸ்ராவிலிருந்து பாக்தாத் வரை ஆற்று வழியாக 500 மைல். ரயில் கிடையாது. கல் பதித்த சாலை கிடையாது. மழை பெய்தால் மண் பசையாகிவிடும், வெயில் அடித்தால் புழுதி. ஆகவே சோறு, குண்டு, மருந்து, காயம்பட்ட ஆள் எல்லாமே படகில்தான் போகவேண்டும், வரவேண்டும். ஆறோ பாம்பு மாதிரி வளைந்து போகிறது. நேர் வழியில் 100 மைல் உள்ள தூரம் ஆற்றில் 200 மைலைத் தாண்டும். கோடைக் கடைசியில் தண்ணீர் இறங்கி மணல் திட்டு தலைகாட்டும். வடக்கே மலையில் பனி உருகி, மார்ச் தொடங்கி மே வரை வெள்ளம் புரளும். நமக்கு ஆடிப்பெருக்கு என்றால் அவர்களுக்குச் சித்திரைப் பெருக்கு.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. டைகிரிஸ் கரையில் இந்த மூன்றும் ஒரே கேள்வியாகச் சுருங்கிவிடுகின்றன. இன்றைக்கு இந்த வளைவில் எத்தனை அடி தண்ணீர், அதில் ஓட என்னிடம் எத்தனை படகு? இந்தக் கேள்வியைக் கேட்ட தளபதி பிழைத்தார். கேட்காதவர் சிக்கினார். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி வருவது அதற்கான பற்றுச்சீட்டுகள்.

1915 ஏப்ரலில் சர் ஜான் நிக்ஸன் படைத்தலைவராக வந்தார். அவருக்குக் கீழே ஆறாவது பூனா டிவிஷனை நடத்தியவர் சார்லஸ் டவுன்ஷெண்ட். 1895-இல் சித்ரால் கோட்டை முற்றுகையைத் தாங்கிப் பெயர் வாங்கியவர். நாடகம், பாட்டு, கைதட்டல் எல்லாம் பிடித்தவர். மே 31 அன்று ஆற்றங்கரையில் உள்ள குர்னா ஊருக்கு மேலே வெள்ளக்காடாக இருந்த நிலத்தில், பெல்லம் என்கிற உள்ளூர்த் தோணிகளில் சிப்பாய்களை ஏற்றி, துருக்கியர் இருந்த மேடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். பிறகு விரட்டிக்கொண்டே போனார். ஜூன் 3-இல் ஒரு சிறு படகில் நூறு பேரளவில் மட்டும் வைத்துக்கொண்டு அமாரா ஊரையே சரணடைய வைத்தார். இந்த விரட்டலுக்குப் படகுப் போட்டி என்று வேடிக்கையாகப் பேர் வைத்தார்கள்.

தணிக்கைக்காரன் அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு நிறுவனத்தைக் கெடுப்பது முதல் வருஷ லாபம்தான். அமாரா சுலபமாகக் கிடைத்தது. அடுத்து நாசிரியா. செப்டம்பர் 28-இல் கூத்-அல்-அமாரா, சுருக்கமாகக் கூத். ஒவ்வொரு வெற்றிக்கும் ஆற்றில் தூரம் கூடிற்று. படகு மட்டும் கூடவில்லை. இருந்தவை தட்டையான அடியுள்ள சில ஸ்டீமர்களும் அவை இழுத்துப் போகும் பார்ஜ்களும். பாஸ்ராவில் ஒழுங்கான கப்பல் துறைகூட இல்லை. கடலில் வந்த சரக்கு இறங்கவே வாரக்கணக்காகும். நிக்ஸன் கூடுதல் ஸ்டீமர் கேட்டார். ரயில் பாதையும் கேட்டார். ரயில் பாதைக்குச் செலவு அதிகம் என்று இந்திய அரசின் நிதிப் பக்கம் கை விரித்தது. கேட்ட படகு வராத நிலையிலும் நிக்ஸன் முன்னேற்றத்தை நிறுத்தவில்லை. முதல் தவறான முடிவு இதுதான். கேட்டது கிடைக்காவிட்டால் திட்டத்தைக் குறைக்கவேண்டும். அவர் எதிர்பார்ப்பைக் கூட்டினார்.

இரண்டாவது முடிவு பாஸ்ராவில் எடுக்கப்படவில்லை. 1915 அக்டோபரில் லண்டனில் எடுக்கப்பட்டது. துருக்கியின் கல்லிப்போலி முனையில் பிரிட்டிஷ் படைக்கு அடி விழுந்துகொண்டிருந்தது. கிழக்கே ஒரு வெற்றி காட்டவேண்டிய கட்டாயம். பாக்தாத் என்ற பெயருக்கே ஒரு மயக்கம் உண்டு. வைஸ்ராய் ஹார்டிஞ் விரும்பினார், நிக்ஸன் முடியும் என்றார், மந்திரி சபை தலையசைத்தது. இந்தப் படை போதாது என்று டவுன்ஷெண்டுக்குத் தெரியும். எழுதியும் வைத்தார். எழுதிவிட்டுக் கிளம்பினார். கோப்பில் ஆட்சேபக் குறிப்பு எழுதிவிட்டு அடியில் கையெழுத்தும் போடும் அதிகாரிகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

நவம்பர் 22, டெசிஃபோன். பாக்தாத் கூப்பிடு தூரம். டவுன்ஷெண்ட் முதல் அரண் வரிசையைப் பிடித்தார். இரண்டாவதில் நின்றுவிட்டார். நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டும் காயம்பட்டும் போனார்கள். துருக்கியருக்கு இழப்பு இன்னும் அதிகம், ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஆளும் ஊரும் இருந்தன. இவருக்குப் பின்னால் 500 மைல் ஆறு மட்டும்தான். அதுவும் வற்றிய பருவம்.

காயம்பட்டவர்கள் முதலில் ஸ்ப்ரிங் இல்லாத கட்டை வண்டியில் ஆற்றங்கரைக்கு வந்தார்கள். பிறகு குதிரையும் சரக்கும் ஏறிய அதே பார்ஜ்களில் அடுக்கப்பட்டார்கள். ஸ்டீமர்கள் மணலில் தட்டித் தட்டி நின்று பாஸ்ரா போய்ச் சேர நாள்கணக்கானது. வரேலா என்ற மருத்துவக் கப்பலில் இருந்த மேஜர் கார்ட்டர் என்ற இந்திய மருத்துவப் பணி டாக்டர், மெஜிதியே என்ற ஸ்டீமர் வருவதைப் பார்த்தார். பக்கவாட்டில் கயிறுகள் தொங்குவதாக நினைத்தார். கிட்ட வந்த பிறகுதான் தெரிந்தது, நகர முடியாமல் கிடந்தவர்களின் கழிவு அப்படி வழிந்து காய்ந்திருந்தது. உள்ளே பலருக்குப் போர்வையில்லை, கட்டு மாற்ற ஆளில்லை என்கிற நிலை. அவர் புகார் எழுதினார். மேலதிகாரிகள் அவரைத்தான் மிரட்டினார்கள்.

இதே காலத்தில் நம் ஊரில், மதராஸ் போர் நிதி என்று ஜனங்களிடம் வசூலித்த பணத்தில் 'மதராஸ்' என்ற பெயரிலேயே ஒரு மருத்துவக் கப்பல் இயங்கிக்கொண்டிருந்தது. கடலில் அப்படி ஒரு கப்பல். ஆற்றில் நோயாளிக்கென்று உரிய படகு இல்லை. ஜனங்கள் கொடுத்தது பாஸ்ரா வரைக்கும்தான் எட்டும். அதற்கு மேலே அரசாங்கம் போயிருக்கவேண்டும்.

மூன்றாவது முடிவு, கூத்தில் நின்றது. டிசம்பர் 3-இல் களைத்துப் போன படை அங்கே வந்து சேர்ந்தது. ஆறு மூன்று பக்கமும் சுற்றிவரும் ஒரு மண் நாக்கு அது. நாலாவது பக்கத்தை எதிரி அடைத்துவிட்டால் வெளியேற வழியில்லை. டவுன்ஷெண்ட் சித்ராலை நினைத்தார். அங்கே முற்றுகையில் கிடந்தார், மீட்புப் படை வந்தது, பேர் வந்தது. டிசம்பர் 7 முதல் முற்றுகை.

என் தொழில்முறைக் கண்ணில் இந்தப் போரின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது. எத்தனை நாளுக்கு உணவு என்று வெளியே இருந்தவர்கள் கேட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும் என்று அவர்கள் எண்ணும்படியாகவே டவுன்ஷெண்டின் தந்திகள் இருந்தன. மீட்புப் படைத் தளபதி ஐல்மர் பதறினார். முழு டிவிஷன்கள் வந்து சேரவில்லை, பீரங்கி போதவில்லை, படகு இல்லாததால் வந்த பட்டாலியன்கள் பாதிப் பாதியாக பாஸ்ராவில் கிடக்கின்றன. இருந்ததை வைத்துக்கொண்டு ஜனவரியிலேயே ஷேக் சாத், வாதி, ஹன்னா என்று மூன்று முறை மோதினார். ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். அதற்குப் பிறகு, ஜனவரிக் கடைசியில், கூத்தில் வீடு வீடாகத் தேடி மறைத்து வைத்த தானியத்தையும் சேர்த்துக் கணக்கெடுத்தபோது, இன்னும் 84 நாள் தாங்கும் என்று செய்தி வந்தது. முதல் வாரத்திலேயே எடுத்திருக்கவேண்டிய கையிருப்புக் கணக்கு. அதை எடுத்திருந்தால் ஐல்மருக்கு அவகாசம் கிடைத்திருக்கும். அந்த மூன்று போர்களும் அந்த நிலையில் நடந்திருக்க வேண்டியதில்லை.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். ஊருக்குள் சுமார் 6000 அரபு மக்கள் இருந்தார்கள். பனிக்காலத்தில் அவர்களைப் பெண்டு பிள்ளைகளோடு பாலைவனத்துக்கு டவுன்ஷெண்ட் துரத்தவில்லை. ரேஷன் கணக்குக்கு அது நட்டம். மனிதக் கணக்கில் அதை நான் நட்டம் என்று எழுதமாட்டேன்.

மார்ச் 8-இல் துஜைலா. ஐல்மரின் படை இரவெல்லாம் நடந்து, எதிரிக்குத் தெரியாமல், விடியும்போது துஜைலா கோட்டைக்கு எதிரே போய் நின்றது. கோட்டையில் ஆள் அநேகமாக இல்லை. ஏறிப் போயிருந்தால் கூத்துக்கு வழி திறந்திருக்கலாம். ஆனால் திட்டத்தில் முதலில் பீரங்கி, பிறகு காலாட்படை என்று எழுதியிருந்தது. பீரங்கிகள் குறி பார்க்கும் வரை சிப்பாய்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குண்டுச் சத்தம் துருக்கியருக்கு அலாரம் மாதிரி ஆனது. மறு கரையிலிருந்து ஆட்களை வரவழைத்துக் கோட்டையை நிரப்பிக்கொண்டார்கள். பல மணி நேரம் கழித்துப் போனவர்கள் மூவாயிரத்துக்கு மேல் விழுந்தார்கள். தாளில் எழுதிய வரிசையை, கண்ணெதிரே திறந்து கிடந்த கதவுக்காகக்கூட மாற்றத் துணியவில்லை.

ஏப்ரலில் சித்திரைப் பெருக்கு வந்தது. அகழிகளில் தண்ணீர். போகும் வழி ஆற்றுக்கும் சதுப்புக்கும் நடுவே ஒடுங்கியது. ஆற்றைப் பற்றிய முடிவைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று, 2015 டிசம்பர் முதல் தேதி இரவு வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் மாடியில் நின்று விடியலைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

விமானத்திலிருந்து மாவு மூட்டை போட்டுப் பார்த்தார்கள். உலகத்திலேயே அப்படி உணவு போட்டது அதுதான் முதல் தடவை. திருகைக் கல்லைக்கூட மேலிருந்து போட்டார்கள். பசி தீரவில்லை. உள்ளே குதிரைகளை வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்கள் பலர் நெடுநாள் அதைத் தொடவில்லை. சாப்பிடலாம் என்று இந்தியாவிலிருந்து மதத் தலைவர்களிடம் அனுமதி வாங்கி அனுப்பியும் தயங்கினார்கள். ஈறு வீங்கி ஸ்கர்வி நோய் கண்டது. ஏப்ரல் 24 இரவு ஜுல்னார் என்ற ஸ்டீமரில் 270 டன் உணவை ஏற்றி, எதிரிக் குண்டுக்கு நடுவே ஓட்டிப் பார்த்தார்கள். ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த கம்பிவடத்தில் சிக்கிக்கொண்டது. கடைசியாகப் பணம். முதலில் 10 லட்சம் பவுன், பிறகு 20 லட்சம் தருகிறோம், ஆட்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டார்கள். பேசப் போனவர்களில் ஒருவர் பின்னாளில் அரேபியாவின் லாரன்ஸ் என்று பேர் வாங்கியவர். துருக்கி மறுத்துவிட்டது. எண்ணெய்க் கம்பெனியின் பங்கை வாங்கக் கொடுத்த தொகை சுமார் 22 லட்சம் என்று சொன்னேனே, அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஏறக்குறைய ஐந்து மாதத்துக்குப் பிறகு, 1916 ஏப்ரல் 29-இல் கூத் சரணடைந்தது. கைதானவர்கள் 13,000 பேர் அளவில். அவர்களை மீட்கப் போய் மாண்டும் காயம்பட்டும் போனவர்கள் சுமார் 23,000. வரவை விடச் செலவு அதிகம் என்பதற்கு இதைவிடக் கொடுமையான பேரேடு எனக்குத் தெரியாது.

கைதிகள் பாலைவனத்தில் நடத்தப்பட்டார்கள். நாலாயிரத்துக்கு மேல் இறந்தார்கள். வங்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் படையில் போன சிசிர் சர்வாதிகாரி என்ற இளைஞர் உயிரோடு திரும்பி, அந்த நடையைப் புத்தகமாக எழுதினார். கல்யாண் முகர்ஜி என்ற டாக்டர் திரும்பவில்லை. அவருடைய பாட்டி மோக்ஷதா தேவி, பேரன் எழுதிய கடிதங்களை வைத்து ஒரு நூல் எழுதினார். டவுன்ஷெண்ட் இஸ்தான்புல் அருகே ஒரு தீவில் மரியாதையான விருந்தாளியாகத் தங்கியிருந்தார். 1917-இல் அவருக்கு சர் பட்டமும் வந்தது.

இதே ஆறு, இதே இந்தியப் படை, வேறு முடிவும் கண்டது. 1916 ஆகஸ்டில் ஸ்டான்லி மாட் பொறுப்பேற்றார். அவருக்குச் சக அதிகாரிகள் வைத்த பேர் சிஸ்டமாட்டிக் ஜோ. அவர் பல மாதம் அசையவில்லை. பாஸ்ராவில் துறைகள் கட்டப்பட்டன. குர்னாவிலிருந்து அமாரா வரை ரயில் வந்தது. ஐராவதியிலிருந்தும் கங்கையிலிருந்தும் ஸ்டீமர்கள் கடல் கடந்து வந்தன. டிசம்பரில்தான் புறப்பட்டார். 1917 பிப்ரவரி 23 விடியற்காலை, எதிரியை வேறு இரண்டு இடங்களில் பராக்குக் காட்டிவிட்டு, கூத்துக்கு மேலே ஷும்ரான் வளைவில் ஆற்றைக் கடந்தார். முதல் தோணிகளில் நார்ஃபோக் படையினரும் கூர்க்காக்களும். மூன்று இடத்தில் கடந்ததில் இரண்டு இடத்தில் அடி பலமாக விழுந்தது. உடனே எல்லாத் தோணியையும் சரியாகப் போன முதல் இடத்துக்கு மாற்றினார்கள். துஜைலாவில் செய்யாததை இங்கே செய்தார்கள். மாலைக்குள் மிதவைப் பாலம் தயார். மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அங்கே இருந்தார்கள். பாலம் கட்டுவது, பாதை போடுவது, துடுப்புப் போடுவது எல்லாம் அவர்கள் வேலை. ராணுவம் முழுக்க அவர்களை இன்றும் 'தம்பி' என்றுதான் கூப்பிடுகிறது. மார்ச் 11-இல் பாக்தாத் விழுந்தது. மாட் நவம்பரில் அங்கேயே காலராவில் இறந்தார்.

இதற்கும் நமக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. கூத் விழுந்ததை விசாரிக்க ஒரு கமிஷன் அமைத்தார்கள். 1917 ஜூனில் அறிக்கை வெளியானது. நிக்ஸனிலிருந்து வைஸ்ராய் வரை யாரையும் விடவில்லை. அதே ஜூனில்தான் மதராஸ் கவர்னர் பெண்ட்லண்ட், அடையாற்றில் இருந்த அன்னி பெசண்டையும், உடனிருந்த அருண்டேல், வாடியா இருவரையும் காவலில் வைத்தார். ஹோம் ரூல் கேட்டதுதான் குற்றம். நம் மயிலாப்பூர் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். அது பிரச்சினையானபோது பட்டங்களைத் துறந்தார். ஜூலையில், கமிஷன் அறிக்கையின் சூட்டில், இந்தியா மந்திரி ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார். பார்லிமெண்டில் இந்திய நிர்வாகத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட மாண்டேகு அந்த நாற்காலிக்கு வந்தார். ஆகஸ்ட் 20-இல் பொறுப்பாட்சி அறிவிப்பு. செப்டம்பரில் பெசண்ட் விடுதலை. கூத் மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தியாவை ஆள எங்களுக்குத்தான் தெரியும் என்ற பேச்சு டைகிரிஸ் மணலில் தரை தட்டியது என்பது உண்மை.

கடைசியாக ஒரு கணக்கு. கூத்தில் கைதான பட்டாலியன்களில் 66-வது பஞ்சாபி, 76-வது பஞ்சாபி என்று இரண்டு இருந்தன. பேர்தான் பஞ்சாபி. 1903 வரை அவை 6-வது, 16-வது மதராஸ் காலாட்படை. தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டி, ஆளை மாற்றி, பேரை மாற்றி, பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டினார்கள். நம் பேர் அங்கே ஓர் எண்ணின் கடைசி இலக்கமாக மிஞ்சியது.

பாஸ்ராவில் ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. கல்லறை தெரியாத 40,000-க்கு மேற்பட்டவர்களுக்காக எழுப்பியது. 1997-இல் சதாம் உசேன் உத்தரவில் அதை இடம் பெயர்த்துப் பாலைவனத்துக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். அதில் பிரிட்டிஷ் சிப்பாயின் பேர் கல்லில் இருக்கிறது. இந்திய அதிகாரியின் பேர் இருக்கிறது. சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு, இன்ன படையில் இத்தனை பேர் என்று தொகை மட்டும்தான். படகை எண்ணாதவர்கள், சோற்றை எண்ணாதவர்கள், இவர்களை மட்டும் எண்ணி எழுதிவிட்டுப் போய்விட்டார்கள்.

மெடலைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். அந்தப் போருக்குக் கொடுத்த மெடல் சிப்பாய்க்கு வெள்ளியில், கூலியாட்களாகப் போனவர்களுக்கு வெண்கலத்தில். உங்கள் வீட்டுப் பரண்மேல், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில், குதிரை மேல் ஒருவன் உட்கார்ந்திருக்கும் வட்டமான பழைய காசு மாதிரி ஒன்று கிடந்தால், பழைய வெள்ளிக்கு எடைபோட்டு விற்றுவிடாதீர்கள். ஒரு துணியால் அதன் விளிம்பைத் துடைத்துப் பாருங்கள். கல்லில் எழுதாத பேரை அங்கே பொறித்திருப்பார்கள். அந்தப் பேரை வீட்டில் உள்ள பிள்ளைகளை விட்டு ஒரு தடவை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.